பிரிண்டருக்கு ஒரு கம்பி

“சிட்டு! இதை மாடிக்குக் கொண்டுபோய் அடிச்சுட்டு வா!”

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் இது பதினோராவது தடவை. சிட்டு பென் டிரைவை வாங்கிக்கொண்டு படியேறினாள்.

அவளுக்குப் பத்து வயது. எந்நேரமும் ஓடிக்கொண்டே இருப்பதால் வீட்டில் அவள் பெயர் சிட்டு. ஓட வைத்தது யார் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

அம்மா வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கிறார். அவருடைய கணினி கீழே, முன்னறையில். பிரிண்டர் மேலே, மாடி அறையில். அது அலமாரி அளவு பெரியது. அதைத் தூக்கி மாடியில் ஏற்றிய நாலு பேரும், “இனிமே இதை இறக்கணும்னா எங்களைக் கூப்பிடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் பக்கங்கள் பென் டிரைவில் ஏறின. பென் டிரைவோடு சிட்டு மாடி ஏறினாள்.

அச்சான தாளை அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா படித்துப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

“ஐயோ, ஒரு கால் விட்டுப்போச்சே! ‘பூனை பால் குடித்தது’ன்னு இருக்கணும். ‘பூனை பல் குடித்தது’ன்னு வந்திருக்கு. மறுபடி அடிக்கணும்.”

சிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “எனக்கு ரெண்டு காலும் விட்டுப்போச்சும்மா!”

அப்பா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். அவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். ஒரு மாதத்துக்கு முன் வாங்கி, பிரிக்காமலே வைத்திருந்த ரூட்டர் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினார்.

“கணினியிலிருந்து இதுக்கு ஒரு கம்பி. இதிலிருந்து பிரிண்டருக்கு ஒரு கம்பி. அவ்வளவுதான்! அப்புறம் அம்மா இங்கே தட்டினா அங்கே அச்சாகும். பஸ் எஞ்சினையே பிரிச்சுப் பூட்டுறவன் நான். அஞ்சு நிமிஷ வேலை.”

“அஞ்சு மணிக்கு அச்சகத்துக்காரர் வருவார்” என்றார் அம்மா. “நாற்பது பக்கமும் கையில இருக்கணும். சொல்லிட்டேன்.”

முதல் அரை மணி நேரம் ரூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் அடாப்டரைத் தேடுவதிலேயே போனது. அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தார்கள், மேஜையை நகர்த்தினார்கள். பிறகு பார்த்தால் அது மேஜை மேலேயே இருந்தது.

அடுத்து, மாடிக்குப் போகும் கம்பி மூன்று அடி குறைந்தது. அப்பா கடைக்குப் போய் இன்னொரு கம்பியும், இரண்டையும் சேர்க்கும் சின்ன இணைப்பும் வாங்கி வந்தார். படித் திருப்பத்தில் இருந்த அலமாரிக்குப் பின்னால் இரண்டையும் மாட்டி, அலமாரியைப் பழையபடி தள்ளி வைத்தார்.

அம்மா தட்டினார். மாடியில் ‘ர்ர்ர்’ என்று சத்தம். ஒரு பக்கம் வந்து விழுந்தது!

“பார்த்தியா?” என்றார் அப்பா. அப்போது மணி ஒன்று.

சாப்பிட்டுவிட்டு வந்து அம்மா நாற்பது பக்கத்தையும் அனுப்பினார். சத்தமே இல்லை. மறுபடி தட்டினார். மறுபடியும். கோபம் வந்து இன்னும் நாலைந்து தடவை தட்டினார்.

“ஏங்க, வேலை செய்யலையே!”

அப்பா ரூட்டருக்கும் பிரிண்டருக்குமாக ஏறி இறங்கிப் பார்த்ததிலேயே மணி நாலு ஆகிவிட்டது. “எப்படிச் செய்யாம போகும்? ரெண்டு முனையையும் இப்பதான் பார்த்தேன். யார் இதுல கை வச்சது? உண்மையைச் சொல்லுங்க!” அப்பாவின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

ஐந்து வயதுத் தம்பியைக் காணவே காணோம்.

“சரி, நானே பழையபடி கொண்டுபோறேன்” என்று சலித்துக்கொண்டாள் சிட்டு. “பென் டிரைவ் எங்கே?”

‘நறுக்’ என்றது. அப்பா மெல்லக் காலைத் தூக்கிப் பார்த்தார். பென் டிரைவ் இரண்டு துண்டாகக் கிடந்தது.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலே கால்.

அப்பா எல்லாக் கம்பியையும் பிடுங்கப் போனார். “இருங்கப்பா!” என்று சிட்டு தடுத்தாள். ரூட்டரின் முன்பக்கத்தில் இருந்த சின்ன விளக்குகளை உற்றுப் பார்த்தாள். அம்மாவின் கணினிக்கான விளக்கு மினுக்கியது. பக்கத்து விளக்கு மத்தியானம் எரிந்தது, இப்போது எரியவில்லை.

“அம்மா பக்கம் சரியாதான் இருக்கு. மாடிக்குப் போற கம்பியிலதான் ஏதோ கோளாறு.”

கம்பியைக் கையால் தொட்டுக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறினாள். படித் திருப்பத்தில் அலமாரியை ஒட்டித் தம்பி உட்கார்ந்திருந்தான்.

“கொஞ்சம் நகருடா.”

“மாட்டேன்.”

சிட்டுவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. காலையிலிருந்து ஏறி இறங்கிய கோபமெல்லாம் தொண்டைக்கு வந்தது. ‘நீதானா!’ என்று கத்த வாயெடுத்தாள். அவன் உதடு நடுங்குவதைப் பார்த்தாள். கத்தவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஒரு ரகசியம் சொல்லட்டுமா? காலையில எல்லாரும் அடாப்டரைத் தேடினாங்கல்ல? நான் அது மேலதான் உட்கார்ந்திருந்தேன். திட்டுவாங்கன்னு பயந்து, சத்தம் போடாம மேஜையில வச்சுட்டேன்.”

தம்பியின் கண்கள் விரிந்தன. “நிஜமாவா அக்கா?”

“நிஜமாத்தான்.”

அவன் மெல்ல நகர்ந்தான். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுக் கம்பியை இழுத்துக் காட்டினான். இணைப்பிலிருந்து ஒரு கம்பி கழன்றிருந்தது. கழன்ற இடத்தைச் சுற்றிக் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

“உள்ளே என்ன இருக்குன்னு பார்த்தேன். வந்துடுச்சு. அதான் மருந்து போட்டேன்.”

சிட்டு சிரிப்பை அடக்கிக்கொண்டு பிளாஸ்திரியைப் பிரித்தாள். கம்பியை இணைப்புக்குள் வைத்து அழுத்தினாள். ‘டக்!’

மாடியில் பிரிண்டர் உறுமியது. அம்மா இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். அப்பாவும் பின்னால் ஓடினார். ஐந்து மணிக்கு அழைப்பு மணி அடித்தபோது நாற்பதாவது பக்கம் வந்து விழுந்தது.

“அப்பாடா!” என்றார் அம்மா.

பிரிண்டர் மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தது.

“ஐயையோ, ஏழெட்டுத் தடவை தட்டிட்டேனே! அத்தனையும் வருது. தாளெல்லாம் போச்சு! நிறுத்துங்க!”

“எந்தப் பொத்தான்னே தெரியலையே!” அப்பா கண்டதையும் அழுத்தினார். அது இன்னும் வேகமாக ஓடுவதுபோல் இருந்தது.

படித் திருப்பத்தில் சிட்டு தம்பியைப் பிடித்து உலுக்கினாள். “டேய், கழட்டு!”

“அப்பா திட்டுவாரே!”

“மாட்டார், கழட்டு!”

அவன் இழுத்தான். பாதி அச்சான பக்கத்தை மட்டும் துப்பிவிட்டுப் பிரிண்டர் அடங்கியது.

அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தார். இரண்டு கையிலும் கம்பியோடு நின்ற மகனைப் பார்த்தார்.

“நீயாடா நிறுத்தினே?”

“ஆமாப்பா” என்றான் தம்பி பெருமையாக. “மத்தியானமும் நான்தான் நிறுத்தினேன்.”

திட்டுவதா, பாராட்டுவதா என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, “சரி, எப்படிக் கழட்டினேன்னு காட்டு. மாட்டறது எப்படின்னு நான் காட்டறேன்” என்றார்.

அம்மா நாற்பது பக்கத்தை அடுக்கிக்கொண்டு வாசலுக்கு விரைந்தார். சிட்டு படியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். யாரும் அவளை எங்கேயும் போகச் சொல்லவில்லை.