நெய்யில் ஒரு விரல்குழி

காலை ஆறே முக்கால். ஆய்வுக்கூடத்தின் கதவைத் தள்ளிய பத்மாஸினி அப்படியே நின்றுவிட்டாள். சித்தப்பா நம்பி தரையில் சுருண்டு கிடந்தார். வாந்தி நாற்றம் அடித்தது. உடம்பு சில்லிட்டு வெகுநேரம் ஆகியிருந்தது.

அது 1952ஆம் வருஷத்து மார்கழி. மைசூர் ஒண்டிக்கொப்பலில், நெய் நாள்பட்டுக் காறிப்போகாமல் காக்கும் சத்தை முருங்கை இலையிலிருந்து பிரித்தெடுக்கும் சின்னக் கூடம். இலையை ஸ்பிரிட்டில் ஊறவைத்துச் சாரம் எடுப்பவள் பத்மாஸினி. வாரம் ஒருமுறை இரண்டு சீசா நெய்யை விரலால் தொட்டு ருசி பார்ப்பவர் நம்பி. முதலில் வெறும் நெய், பிறகுதான் சாரம் கலந்த நெய். சாரத்தின் கசப்பு நாக்கில் ஏறிவிட்டால் அப்புறம் எந்த ருசியும் பிடிபடாது.

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வேலாயுதம் வந்தார். கொங்குத் தமிழ் பேசும் கொள்ளேகால்காரர். மேஜைமேல் இரண்டு சீசா நெய்யும் குளிரில் உறைந்து கிடந்தது. சாரம் கலந்த நெய்யில் ஒரு விரல்குழி. மேற்பரப்பிலும் குழிக்குள்ளும் வெண்தூள். வெறும் நெய் வழவழவென்று இருந்தது. கூட வந்த டாக்டர் தூளைப் பார்த்துவிட்டு, எலிப் பாஷாணம் என்றார்.

கூடத்துக்குப் பணம் போட்ட நெய் வியாபாரி முனிராஜ் கைகட்டி நின்றான்.

“நான் கண்ணால பார்த்தேன் ஸ்வாமி. நேத்து சாயங்காலம் ஓட்டல் காபி வாங்கிட்டு வந்தேன். குடிச்சார். அப்புறம் இந்த நெய்யைத் தொட்டு நாக்குல வெச்சார். நான் கிளம்பிட்டேன்.”

வேலாயுதம் திரும்பினார். “ஏனுங்கம்மா, சாரம் எடுத்தது நீங்க. நெய்யில கலந்ததும் நீங்க. வேற யாரு கை பட்டுச்சுங்க?”

சுருக்கு தன் கழுத்தை நோக்கி வருவது பத்மாஸினிக்குப் புரிந்தது. பயத்தை விழுங்கிக்கொண்டு சீசாக்களையே பார்த்தாள்.

“சார், தூள் தூவின நெய்யில விரல் விட்டா, தூள் எங்கே போகும்?”

“விரலோட போயிருமுங்க.”

“இங்கே குழிக்குள்ளயும் தூள் இருக்கே? குழி முதல்ல, விஷம் அப்புறம்.”

வேலாயுதம் குனிந்து பார்த்தார். “சாப்பிட்டப்புறம் எவனோ தூவியிருந்தா?”

“அந்த வெறும் நெய்யைப் பாருங்கோ. விரல் படவே இல்லை. அதைத் தொடாம சித்தப்பா இதைத் தொடமாட்டார். நேத்து அவர் ருசியே பார்க்கலை. பார்த்தார்னு சொன்னவர் முனிராஜ் ஒருத்தர்தான். விஷம் காபியில. குழியும் முனிராஜ் விரல்தான்.”

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஒரு சீசாவைத் தொட்டவன் மற்றதைத் தொட மறந்தான்.

“அவரு ஏன் கொல்லோணும்?”

“காறாத நெய்னு பெங்களூர் கடைக்கெல்லாம் வித்துட்டார். போன வாரம் ருசி பார்த்தப்போ சாரம் கலந்ததும் காறிடுத்து. கடைக்காராகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்னார் சித்தப்பா.”

முனிராஜின் முகம் வெளிறியது. ஓடப் பார்த்தவனைக் கான்ஸ்டபிள் பிடரியில் பிடித்தான்.

“அந்த மனுஷன் வாயைத் திறந்திருந்தா என்னை எவன் வாசல்ல ஏத்துவான்?” என்று முனிராஜ் கத்தினான். “போச்சு, இனிமே சொல்றதுக்கு ஆள் இல்லை!”

பத்மாஸினி நிமிர்ந்தாள். மூன்று வருஷம் கை வெந்து எடுத்த சாரம் அது.

“இருக்கேன். காறினது என் சாரம். நானே போய்ச் சொல்றேன்.”

அதற்குப் பிறகுதான் சித்தப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.