அவிழ்க்காத காப்பு

அன்று காலையும் கருத்தம்மாள் முதலில் திறந்து பார்த்தது குழம்புச் சட்டியைத்தான். கத்தரிக்காய். மூடியை ணங்கென்று போட்டாள்.

"இந்த வீட்டுல கருவாட்டு வாசம் வந்து மூணு மாசமாச்சு. நடவு நடக்குது, ஆளுக பசியோட வந்து ஒக்காருறாக. வீரபாண்டியில கொடி எறக்கி எத்தன நாளாச்சு? ஊர் உலகமெல்லாம் காப்ப அவுத்தாச்சு. நீ மட்டும் ஏன் கட்டிக்கிட்டுத் திரியிற மாயக்கா?"

மாயக்காள் அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். இடது மணிக்கட்டில் அந்தக் காப்புக் கயிறு தண்ணீரில் நனைந்து நனைந்து மஞ்சள் போய் அழுக்கேறிக் கிடந்தது.

"வேண்டுதல் அத்த."

"என்ன வேண்டுதல், எனக்குத் தெரியாத வேண்டுதல்? புருசன ஒதுக்கி வைக்கிற வேண்டுதலா? அவன் கோட்டி புடிச்சவனாட்டம் அலையுறான். நேத்துச் சோத்துத் தட்டத் தூக்கி எறியுறான். இருவத்தஞ்சு வருசம் வளத்தேன், எம்மவன் ஒருநா தட்டத் தள்ளுனது கெடையாது. நீ வந்துதான் இந்தக் கூத்தெல்லாம்..."

முற்றத்தில் முத்துவீரன் சைக்கிளைக் கழற்றிப் போட்டிருந்தான். அந்த மாதத்தில் அது நான்காவது தடவை. செயினில் ஒரு கோளாறும் இல்லை. அம்மாவின் குரல் அவன் காதில் விழுந்தது. நிமிர்ந்து மாயக்காளைப் பார்த்தான். எதுவும் சொல்ல வேண்டாம் என்பதுபோல் அவள் லேசாகத் தலையை அசைத்தாள். அவன் மடியிலிருந்து பொரிகடலையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு, வாய்க்கால் பக்கம் நடந்தான்.

சித்திரைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறவர்களுக்குக் கறி மீன் ஆகாது, பீடி சாராயம் ஆகாது, ஒரே பாயில் படுக்கை ஆகாது, சாவு விழுந்த கேத வீட்டு வாசலை மிதிக்கவும் ஆகாது. திருவிழா முடிந்து காப்பை அவிழ்த்தவுடன் ஆண்கள் நேராகப் பெட்டிக்கடைக்குத்தான் போவார்கள். அன்று கோயிலைச் சுற்றிப் புகை மேகம்போல் நிற்கும்.

இந்த வருஷத் திருவிழா முடிந்த அன்று, அந்தப் புகைக்கு இருபதடி தள்ளி நின்றுதான் முத்துவீரன் மாயக்காளின் கையைப் பிடித்தான்.

"இத அவுத்தா, அந்தக் கடையத் தாண்டுறதுக்குள்ள பத்தவச்சிருவேன் மாயக்கா. எனக்கே தெரியுது. அவுக்காம வீட்டுக்குப் போயிருவோம். ஆனா நான் மட்டும்னா முடியாது. நீயும் கட்டியிரு. ஒங்கையில அது கெடக்குறதப் பாத்தா எனக்கு ஒரு பயம் இருக்கும். ஒருத்தர் அவுத்தா ரெண்டு பேருக்கும் போச்சு."

அதற்கு முந்தின பங்குனியில் வாய்க்கால் கரையில் இருமியபோது அவன் உள்ளங்கையில் ரத்தம் இருந்தது. தேனி ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "காசநோய் இல்ல. பீடிய விட்டா பொழச்சுக்குவ. விடலைன்னா எங்கிட்ட வராத" என்றார். நான்கு முறை விட்டான். அதிகபட்சம் ஐந்து நாள். காப்பு நாட்களில் மட்டும் தொடவில்லை.

"ஆத்தாகிட்ட மூச்சு விட்றாத. எங்கய்யாவ இந்த இருமல்தான் கொண்டுபோச்சு. தெரிஞ்சா அது உசுர விட்றும்."

பெற்றவள் முன்னால் அவன் ஒருநாளும் பீடி குடித்ததில்லை. ஆகவே அவன் பீடியை விட்டதும் அவளுக்குத் தெரியவில்லை. தன் காப்பை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டுச் சட்டைக்குள் மறைத்திருந்தான். கருத்தம்மாளின் கண்ணுக்குத் தெரிந்தது மருமகளின் மணிக்கட்டும் மகனின் கோபமும்தான். இரண்டையும் சேர்த்து அவள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். மாயக்காள் அதைத் திருத்தவில்லை.

பத்து மணி வாக்கில் தெருவில் சைக்கிள் வந்து நின்றது. கடமலைக்குண்டுச் சுருளி, மாயக்காளுக்குச் சித்தப்பா மகன். வாசலுக்கு வெளியிலேயே நின்றான்.

"அக்கா... பெரியய்யா போயிட்டாருக்கா. வெள்ளென கஞ்சி குடிச்சிட்டுச் சாஞ்சவரு எந்திரிக்கல. நாலு மணிக்கு எடுக்குறாக."

மாயக்காள் அடுப்பங்கரைச் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். கருத்தம்மாள்தான் அவள் தலைமுடியை ஒதுக்கி, தண்ணீர் கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"எந்திரி. அந்தக் கவுத்த அவுத்துப் போட்டுக் கெளம்பு. அப்பனுக்கு மேலயா ஒரு வேண்டுதல்?"

அவள் எழுந்து வாய்க்கால் பக்கத்து வயலுக்கு ஓடினாள்.

நாற்று முடிகளை வீசிக்கொண்டிருந்த முத்துவீரன் செய்தியைக் கேட்டு வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்தான். அவன் கை சட்டைப்பையைத் தடவியது. அங்கே ஒன்றுமில்லை. கை திரும்பவும் தடவியது.

"அவுத்துரு மாயக்கா. நானும் அவுக்குறேன். மாமா மொகத்தப் பாக்காம எப்புடி..."

சொல்லும்போதே அவன் கண் வரப்பின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. அங்கே நடவாட்கள் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையை மாயக்காள் ஐந்து வருஷமாக அறிவாள். கேத வீட்டில் தாம்பாளம் நிறையப் பீடிக்கட்டும் தீப்பெட்டியும் பாக்கும் வைத்து வந்தவர்களுக்கெல்லாம் நீட்டுவார்கள். காப்பும் இல்லாமல், துக்கமும் சேர்ந்து, அந்தத் தாம்பாளத்தை இந்த மனிதன் எப்படித் தாண்டுவான்?

"வேணாம் மாமா. நீங்க இங்கனயே இருங்க. நான் தெரு மொனையில நின்னு கும்புட்டுக்கிறேன்."

"ஏய்..."

"ஒரு ஆள வாரிக் குடுத்தாச்சு. இன்னொரு ஆளையும் வாரிக் குடுக்க என்னால ஆகாது."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

கடமலைக்குண்டில் கொட்டுச் சத்தம் பஸ் நிற்கும் இடம்வரை கேட்டது. கருத்தம்மாள் மருமகளோடு பேசாமலே வந்தாள். தெரு முனையில் வேப்பமரத்தடியில் மாயக்காள் நின்றுவிட, அவள் மட்டும் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அண்ணன் சங்கிலி வந்தான். அழுது சிவந்த கண்கள் தங்கையின் மணிக்கட்டைப் பார்த்ததும் மாறின.

"உள்ள அப்பன் கெடக்குறாரு. மகள எங்க, மகள எங்கன்னு பொம்பளைக கேக்குறாக. நீ காப்போட வந்து மரத்தடியில நிக்கிற. இதென்ன வேசம் தங்கச்சி?"

"அண்ணே... தள்ளி நின்னு பாத்துக்கிறேன்ணே. தெருவுல கொண்டு போறப்ப ஒரு நிமிசம் எறக்கி வைக்கச் சொல்லு."

"மாப்பிள எங்க? அவரும் வரல. எங்க அப்பன் என்ன, நாதியத்தவரா? ஒன்னைய மார்மேல போட்டு வளத்த மனுசன் தாயி அவரு."

உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன? உள்ளே முத்துவீரனின் ஆத்தா உட்கார்ந்திருந்தாள். மாயக்காள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு மரத்தைப் பார்த்தாள். நிற்க முடியவில்லை. மரத்தைச் சுற்றி வந்தாள், மறுபடி சுற்றினாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பாடைத் தேர் கட்டுகிறவர்கள் மூங்கிலைப் பிளக்கும் சத்தம் கேட்டது.

மூன்றரை பஸ்ஸிலிருந்து முத்துவீரன் குதித்து ஓடிவந்தான். காலில் வயல் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"கைய நீட்டு."

"வேணாம் மாமா. சொன்னாக் கேளுங்க."

"நீட்டுங்கிறேன்ல."

முடிச்சு மூன்று மாதத் தண்ணீரில் இறுகிக் கல்லாகியிருந்தது. நகத்துக்கு மசியவில்லை. அவன் குனிந்து அவள் மணிக்கட்டில் பல்லை வைத்துக் கயிற்றைக் கடித்து அறுத்தான். பிறகு சட்டைக் கையை ஏற்றித் தன்னுடையதையும் இழுத்து அறுத்தான். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. சங்கிலி நின்றான். அவனுக்குப் பின்னால் கருத்தம்மாள் வந்து நின்றாள்.

"ஒனக்கும் கெடக்குதாடா?" என்றாள், மகனின் கையைப் பார்த்து.

"எனக்காகத்தான் ஆத்தா அவ கட்டியிருந்தா. பங்குனியில எனக்கு ரத்தமா வந்துச்சு. பீடிய விடச் சொன்னாக. என்னால முடியல. இவளும் சேந்து கட்டியிருந்ததாலதான் மூணு மாசம் தள்ளுனேன். ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு நாந்தான் சொன்னேன். நீ வைய வைய அவ வாங்கிக்கிட்டா." மூச்சு வாங்கியது அவனுக்கு. "வரப்புல ஒக்காந்து பாத்தேன். பெத்த அப்பன் மொகத்த இவ பாக்காமப் போயி, நான் நல்லா இருந்து என்ன மயித்துக்கு?"

மாயக்காள் வெறும் மணிக்கட்டோடு வீட்டுக்குள் ஓடினாள்.

அய்யாவின் கால்மாட்டில் அவள் விழுந்து கிடந்தபோது இரண்டு கைகள் அவளைத் தூக்கி மார்போடு சேர்த்துக் கட்டின. கருத்தம்மாள். கேத வீட்டில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுவது வழக்கம்தான். அவளும் ராகம் போட்டுத்தான் அழுதாள்.

"பொத்தி வச்ச பொன்மகள... பொல்லாதவன்னு ஏசுனனே... வாய்க்கு வந்தபடி வஞ்சேனே... எம்புள்ளையக் காத்தவள..."

சுற்றியிருந்தவர்கள் சம்பந்திக்காக அழுகிறாள் என்றே நினைத்தார்கள். மாயக்காளுக்குத்தான் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. "அழுகாதீக அத்த" என்றாள் காதோரமாக. அந்த வீட்டில் அன்று யாரும் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது.

வாசலில் தாம்பாளம் வந்துகொண்டிருந்தது. மாயக்காள் மாமியார் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். பெஞ்சில் முத்துவீரன். பீடிக்கட்டு அவன் முன்னால் நின்றது. அவன் கை எழுந்தது, பீடிக்கட்டைத் தாண்டி ஒரு கொட்டைப்பாக்கை எடுத்துக்கொண்டு திரும்பியது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த சங்கிலி, தன் காதில் செருகியிருந்த பீடியை எடுத்து மடியில் மறைத்துக்கொண்டான்.

"ஏலே, தாம்பாளத்த அந்தப் பக்கம் கொண்டு போ. இங்கன வேணாம்" என்றான்.

மூன்றாம் நாள் காரியம் முடிந்து மூவரும் ஊர் திரும்பிய பஸ் கண்டமனூரில் பத்து நிமிஷம் நின்றது. டிரைவரும் கண்டக்டரும் டீக்கடைக்குப் போனார்கள். ஆண்கள் எல்லோரும் இறங்கி ஜன்னலை ஒட்டி நின்று பற்றவைத்தார்கள். புகை உள்ளே வந்தது.

"ஆகல மாயக்கா" என்றான் முத்துவீரன் மெதுவாக. "ஒடம்பெல்லாம் நமநமங்குது."

அவள் அவன் கையை எடுத்து மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். முன் சீட்டிலிருந்த கருத்தம்மாள் எழுந்து, அந்த வெக்கையிலும் ஜன்னல் படுதாவை இழுத்துக் கட்டினாள். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மகனிடம் நீட்டினாள். பொரிகடலை.

"மெல்லுடா. வீட்டுக்குப் போனதும் கருவாட்டுக் கொழம்பு வைக்கிறேன். அவ ஒக்காந்து திங்கட்டும்" என்றாள்.

வெளியே டிரைவர் இரண்டாவது டீக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மாயக்காளின் பிடி இறுகியது.