மூன்றாம் கம்பத்தின் கீழ்ப்பக்கம்

வெள்ளிக்கிழமை காலை 7.05. பனிச்சறுக்கு வருபவர்களை நாற்காலியில் மலை ஏற்றும் சேர்லிஃப்டின் மூன்றாம் கம்பத்துக்கு அடியில், பனியில் முகம் புதைந்து கிடந்தார் தலைமை மெக்கானிக் கோலின் ஸ்ட்ராங். கையில் அளவு நாடா. உயிர் இல்லை.

முதலில் பார்த்தவள் லிஃப்ட் இயக்கும் மெலே டௌஃபா. டோங்காவிலிருந்து நியூசிலாந்து வந்து அவளுக்கு இது இரண்டாவது குளிர்காலம். கீழே தன் கேபினுக்கு ஓடினாள். போலீஸுக்குப் போன் செய்தாள்.

8.20. மலையடிவார ஊரிலிருந்து வந்து இறங்கினார் சார்ஜன்ட் நைரி போஹாட்டு. முதலில் அண்ணாந்து பார்த்தார். இரவில் படிந்த உறைபனி, இரும்பு வடத்தை வெள்ளையாக மூடியிருந்தது. நாற்காலிகள் மலை ஏறும் பக்கத்து வடத்தில் ஒன்று உறுத்தியது. ஒவ்வொரு கம்பத்துக்கும் கீழ்ச்சரிவுப் பக்கம் எட்டு மீட்டர் நீளத்துக்கு வடம் கறுப்பாகத் தெரிந்தது.

"பனிச்சறுக்கு வருமா சார்ஜன்ட்?" என்றார் பின்னால் வந்த ஃப்ரேசர் டன்மோர். இரண்டு பேர் உட்காரும் பழைய நாற்காலிகளை எடுத்துவிட்டு, நான்கு பேர் உட்காரும் புதியவற்றை அதே வடத்தில் மாட்டத் திட்டம் போட்ட பொறியாளர்.

"எனக்கு மாடிப்படியே பயம். இங்க என்ன ஆச்சு, சொல்லுங்க."

"இங்க ஒரு வழக்கம் உண்டு. கம்பத்துல ஏறுறவன் கேபின்ல இருக்கற மெயின் ஸ்விட்சை அணைச்சு, அதுல தன் பூட்டை மாட்டிட்டுத்தான் ஏறுவான். ஒரே சாவி, அவன் பாக்கெட்ல. அடுத்தவன் பூட்டை யாரும் தொடமாட்டாங்க."

"கோலின் பூட்டு எங்க?"

"இவளோட கேபின் குப்பைத்தொட்டில. வெட்டிப் போட்டிருக்கு." மெலேயைக் காட்டினார். "ஆறே முக்காலுக்கு லிஃப்டை ஓட்டிப் பாக்கறது இவ வேலை. நேத்து மறந்துபோன பூட்டுன்னு நினைச்சு வெட்டியிருப்பா. பொத்தானை அமுக்கியிருப்பா. கம்பத்து மேல அவர் பாதுகாப்புக் கொக்கியை இடம் மாத்தற நேரமா இருந்திருக்கும். அவ்வளவுதான்."

"அவர் பூட்டு தொங்குச்சு, நான் தொடவே இல்ல," என்றாள் மெலே.

"ஆறரைலேர்ந்து எங்கம்மா இருந்தே?"

"கேபினுக்குப் பின்னால, பாதையில பனி அள்ளிட்டிருந்தேன். மெஷின் சத்தம். காதை அடைச்சிருந்தேன்."

"பாத்தவங்க?"

"யாருமில்ல." கண் போலீஸ் காரின் பக்கம் போனது. "என்னை ஏத்திட்டுப் போனா விசா போயிடும் சார்ஜன்ட். அவர்தான் எனக்கு வேலையே கத்துக்குடுத்தாரு. நான் எப்படி..."

"கோலின் ஏன் விடியறதுக்குள்ள ஏறினாரு?"

"நேத்து ஆளுக்குப் பதிலா தண்ணிப் பீப்பாய் ஏத்தி புது நாற்காலியைச் சோதிச்சோம். மூணாம் கம்பத்துக்கிட்ட முப்பத்தோராம் நாற்காலியோட, வடத்தைக் கவ்வற பிடி வழுக்கிடுச்சு. கையெழுத்துப் போடமாட்டேன்னாரு. காலைல அளந்து, ஒன்பது மணிக்கு வர்ற பாதுகாப்பு ஆய்வாளர்கிட்ட காட்டறேன்னாரு."

"ஒரு சாண் வழுக்கினதுக்கு ஒப்பாரி வெச்சான் கிழவன்," என்றார் ஃப்ரேசர்.

நைரி அவர் பக்கம் திரும்பினார். "மெலே கேபின்ல பொத்தானை அமுக்கினா வடம் எந்தப் பக்கம் ஓடும்?"

"இந்தப் பக்கத்துல மேல் நோக்கி. வேற வழியில்ல."

"கீழ் நோக்கி ஓட்டணும்னா?"

ஃப்ரேசர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவசரத்துக்கு டீசல் இன்ஜின் இருக்கு. மின்சாரம் வேண்டாம், ரெண்டு பக்கமும் ஓட்டும்."

"அந்த அறைச் சாவி?"

"கோலின்கிட்ட. அப்புறம்... என்கிட்ட."

8.50. நைரி கையை உயர்த்திக் காட்டினார். "வடம் கம்பத்து உச்சியில இருக்கற சக்கரத்து மேல ஓடினா உறைபனி உதிரும். மேல் நோக்கி ஓடியிருந்தா, பனி உதிர்ந்த கறுப்புத் துண்டு கம்பத்தைத் தாண்டி மேல் பக்கம் இருக்கணும். பாருங்க, எல்லாக் கம்பத்துலயும் கீழ்ப்பக்கம்தான் இருக்கு. இன்னைக்குக் காலைல வடம் கீழ எட்டு மீட்டர் ஓடியிருக்கு. மெலே நினைச்சாலும் அதை ஓட்ட முடியாது. முப்பத்தோராம் நாற்காலியைக் கீழ கொண்டுவந்து, ஆய்வாளர் வர்றதுக்குள்ள பிடியைப் பழைய இடத்துல வெச்சுடணும்னு நினைச்சது நீங்கதான், ஃப்ரேசர்."

ஃப்ரேசர் அண்ணாந்து வடத்தைப் பார்த்தார்.

"அவன் கம்பத்து மேல இருக்கான்னு தெரியாது," என்றார். "கேபின் பக்கமே போகல. ஸ்விட்ச்சைப் பாக்கல. டீசல் அறையில பூட்டு மாட்ட இடமே கிடையாது. வெக்கச் சொல்லி கோலின் கேட்டான். பழைய இன்ஜினை எப்படியும் எடுக்கப்போறோம், எதுக்கு வீண் வேலைன்னு வரைபடத்துலேர்ந்து அதை அடிச்சுவிட்டது நான்தான்."

"கத்தினாரா?"

"கத்தினான். உடனே நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டு?"

"கேபின்ல ஆளில்ல. பூட்டை வெட்டிப் போட்டேன்."

மெலே அவர் எதிரில் வந்து நின்றாள். "விழுந்தப்ப அவருக்கு உயிர் இருந்துச்சா?"

ஃப்ரேசர் விலகி நடக்கப் பார்த்தார்.

"கேக்கறேன்ல. இருந்துச்சா?"

"தெரியாது. பக்கத்துல போய்ப் பாக்கல."

மெலே நின்ற இடத்திலேயே பனியில் உட்கார்ந்தாள். நைரி தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போர்த்தினார்.