கூடவே வந்த விளக்கு

அன்றிரவு அவர்கள் தனியாகத்தான் பறந்தார்கள். ஆனாலும் வலது இறக்கைக்கு அப்பால், ஜோடியாகப் பறக்கும்போது துணை விமானம் நிற்கும் அதே இடத்தில், ஒரு விளக்கு கூடவே வந்துகொண்டிருந்தது.

விமானிக்கு முதலில் வந்தது பயமல்ல, ஆத்திரம். வலப்பக்க இருக்கையில் படைப்பிரிவின் தலைவர் உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் ‘பெரியவர்’ என்று பெயர். வானத்தில் விளக்கைப் பார்த்ததாக யார் வாயைத் திறந்தாலும் கண் டாக்டரிடம் அனுப்பிவிடுவார். அதே படைப்பிரிவில் விமானியாக இருந்த இவன் தங்கை கணவனையும் அப்படித்தான் அனுப்பினார். போதாததற்கு எல்லோர் எதிரிலும், நேற்று எவ்வளவு குடித்தாய் என்று கேட்டு மானத்தை வாங்கினார். மச்சான் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. போன மாதம் கடல்மேல் பறக்கப் போனவன் திரும்பி வரவும் இல்லை. அவன் ரேடியோவில் கடைசியாகச் சொன்னது பதிவாகியிருந்தது: “ஒன்னும் தெரியல. எல்லாம் சரியா இருக்கு.” அதையே சாட்சியாக்கி, தவறு ஓட்டியவனுடையது என்று கைகழுவிவிட்டார்கள்.

“அண்ணா, அந்த விளக்கு தெரிஞ்சா நீயாவது ரேடியோவுல சத்தமா சொல்லு. பதிவாகட்டும். என் வீட்டுக்காரர் பேர்ல இருக்கிற பழியாவது போகட்டும்” என்று தங்கை சொல்லியிருந்தாள். அப்போது அவள் அழக்கூட இல்லை.

“சார், வலப்பக்கம் பாருங்க.”

பெரியவர் பார்த்தார். “நட்சத்திரம்.”

“நட்சத்திரம் மேகத்துக்குக் கீழ வராது சார்.”

“உனக்கும் டாக்டரைப் பார்க்கணுமா?”

பளாரென்று ஒன்று விட்டால் என்ன என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டான். முகக்கவசத்தின் ரப்பர் வாடையும், சூடேறிய மின்கம்பிகளின் வாடையும், பாதம் வழியாக ஏறி எலும்பில் அதிர்ந்துகொண்டிருந்த எஞ்சினின் முனகலும் எப்போதும்போலத்தான் இருந்தன. விளக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. பிறகு அது இரண்டு முறை அணைந்து எரிந்தது.

ரேடியோவில் பேசக் கூடாத நாட்களில் துணை விமானம் அப்படித்தான் கேட்கும்: பக்கத்தில் வரட்டுமா? பதிலுக்கு இரண்டு முறை அணைத்துப் போட்டால், வா. வருடக்கணக்கில் ஊறிப்போன பழக்கம். யோசிப்பதற்குள் அவன் விரல் விளக்குச் சுவிட்சை இரண்டு முறை தட்டிவிட்டது.

தட்டிய பிறகுதான் புரிந்தது. அதை ‘வா’ என்று அழைத்துவிட்டான்.

அது வந்தது.

சத்தமில்லை. எஞ்சின் சத்தமும் எங்கோ தள்ளிப் போயிற்று. மூடிய விமானி அறைக்குள் கடல் வாடை. ஈரம். உப்பு. பெரியவரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

“இப்பவாவது சொல்லுங்க சார்.”

பெரியவர் ரேடியோ பொத்தானை அழுத்தினார். குரல் நடுங்கவில்லை.

“ஒன்னும் தெரியல. எல்லாம் சரியா இருக்கு.”

அவர் கண்ணிலிருந்து தாரையாக நீர் வழிந்தது. அவனுக்கு அது உறைக்கவில்லை. பாவி, இப்போதும் பொய்யா? தன் பொத்தானை அழுத்தினான். தங்கைக்காகச் சேர்த்துவைத்திருந்த அத்தனை வார்த்தைகளும் தொண்டைக்கு வந்தன. வாயைத் திறந்தான்.

“ஒன்னும் தெரியல” என்றது அவன் வாய். “எல்லாம் சரியா இருக்கு.”

மறுபடி அழுத்தினான். அதேதான். மறுபடியும். அதேதான்.

வலப்பக்க ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில், வெளிச்சத்தின் நடுவே மச்சான் உட்கார்ந்திருந்தான். இருக்கை வார் இறுகியிருந்தது. தலையிலிருந்து நீர் சொட்டியது. அவன் இவனைப் பார்த்து, வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். உதடுகள் மட்டும் அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தன.