ஜன்னலுக்கு நேராக

"நீ தொட வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது? காதுல விழலையா?"

விடிந்ததும் விடியாததுமாக மாமியாரின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. மூத்த மருமகள், பெரியவள், கையில் எடுத்த சீப்பை மேஜைமேல் திரும்ப வைத்துவிட்டாள்.

மாமியார் ஈரத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, அடுக்களை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வலது கை கிடந்தது. அது இனி தோளுக்கு மேலே ஏறாது என்று மருத்துவர்கள் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கோடு கிழிக்காமலே துணியில் கத்தரியை நேராக ஓட்டிய கை அது! அந்தத் தெருவில் பாதிப் பேர் அவள் தைத்துக் கொடுத்ததைத்தான் உடுத்தினார்கள். இப்போது தையல் மெஷின் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு மூலையில் நிற்கிறது. தன் தலையைத் தானே வாரிக்கொள்ளக்கூட அந்தக் கைக்கு வழியில்லை.

"ஈரத்தோட எவ்வளவு நேரம் அத்தை... சளி பிடிச்சுக்குமே..."

"பிடிக்கட்டும்! என் கையை முறிச்சவ கையால தலை வாரிக்கிறதுக்கு மொட்டை அடிச்சுக்கலாம். சின்னவ வரட்டும்."

இளைய மருமகள் குளித்து முடித்து, குழந்தைக்குப் பால் கொடுத்து, ஆற அமர வருவாள். அதுவரை மாமியார் அப்படியேதான் இருப்பாள். தினமும் நடக்கிற கூத்துதான்.  பழகிப்போகும் என்று பெரியவள் நினைத்தாள், பழகவே இல்லை.

கை முறிந்தது இப்படித்தான். அடுக்களைச் சுவரில் மாட்டியிருந்த அலமாரி, ஒரு காலையில் பாத்திரம் பண்டத்தோடு பெயர்ந்து விழுந்தது. கீழே மாமியார் நின்றிருந்தாள். தலையில் விழ வேண்டியதைக் கையால் தடுத்ததால் உயிர் தப்பியது, கை போயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் "எப்படி விழுந்துச்சு, எப்படி விழுந்துச்சு" என்று மாய்ந்துபோனபோது பெரியவள் முன்னால் வந்து சொன்னாள்: "நான்தான்... கனமான பாத்திரத்தை எல்லாம் அதுல ஏத்தி அடுக்கிட்டேன்."

அவ்வளவுதான். அன்றைக்குப் பிடித்தது சனியன். அக்கம்பக்கத்தில் அவள் 'பாத்திரக்காரி' ஆனாள். லாரி ஓட்டப் போய் மாதத்தில் பாதி நாள் வெளியூரில் கிடக்கிற கணவன்கூட, "கொஞ்சம் பார்த்து வெச்சிருக்கக் கூடாதா?" என்றானே தவிர, நிஜமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நிஜம் அவளுக்கும் கொழுந்தனுக்கும் மட்டும்தான் தெரியும்.

அடுக்களையையும் உள்ளறையையும் பிரிக்கிற சுவர் செங்கல் சுவர் அல்ல, பலகைச் சுவர். உள்ளே வெறும் கூடு. இடைவெளி விட்டு நிற்கிற மரச்சட்டங்களின்மேல், குத்தினால் வெள்ளையாகப் பொடிகிற ஜிப்சம் பலகையை அடித்து வெள்ளை பூசியது. கனமான எதை மாட்டினாலும் ஸ்க்ரூ அந்தச் சட்டத்தில் ஏற வேண்டும். வெறும் பலகையில் ஏறினால் இன்றைக்கு நிற்கும், நாளைக்கு விழும். மரச்சாமான் கடையில் வேலை பார்க்கிற கொழுந்தனுக்கு இது தெரியாததல்ல. முதலில் அவன் சரியாகச் சட்டம் பார்த்துத்தான் குறி போட்டான். மாமியார் எட்டி நின்று பார்த்தாள். "கோணலா இருக்குடா! ஜன்னலுக்கு நேரா இல்லையே. ஒரு சாண் இந்தப் பக்கம் தள்ளு" என்றாள். தையல்காரி கண், கோணல் என்றால் அவளுக்கு உடம்பே கூசும். அம்மா சொல்லை மீற அவனால் ஆகாது. தள்ளினான். ஸ்க்ரூ பிடிமானமே இல்லாமல் சுற்றியது. ஓட்டையில் சுவருக்குப் பூசுகிற பட்டி மாவை அடைத்து, மேலே அலமாரியை ஏற்றி, "ஆச்சும்மா" என்றான். அலமாரியை அடியிலிருந்து தாங்கிப் பிடித்திருந்தவள் பெரியவள். "சட்டத்துல ஏறலை போலிருக்கே தம்பி?" என்றுகூடக் கேட்டாள். "சும்மா இருங்க அண்ணி" என்றுவிட்டான்.

அவள் பழியை ஏற்றுக்கொள்வதற்குச் சற்று முன்புதான், அதே ஆஸ்பத்திரியில், மாடிப்படி மறைவில், அவன் அவள் காலில் விழுந்தான். "அம்மா முகத்துல நான் முழிக்க முடியாது அண்ணி... சொல்லிடாதீங்க!"

அவனுக்காக மட்டும் அவள் வாயை மூடவில்லை. உள்ளதைச் சொன்னால் இன்னொன்றும் வெளியே வருமே! தன் பிடிவாதம்தான் தன் கையைத் தின்றது என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்தால்? தாங்குவாளா? அடுத்தவளைத் திட்டிக்கொண்டாவது பிழைத்திருக்கட்டும் என்றுதான் பெரியவள் பழியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

இன்றைக்கு அதே சுவரில் புது அலமாரி மாட்டப் போகிறான்.

கொழுந்தன் டிரில்லும், மட்டம் பார்க்கிற ரசமட்டமுமாக வந்து நின்றான். அலமாரியைத் தாங்குவதற்கு முதலில் சுவரில் ஒரு நீளக்கட்டையை அடிக்க வேண்டும். விரலால் சுவரைத் தட்டிக்கொண்டே போனான். கூடான இடத்தில் ஒரு சத்தம், சட்டம் இருக்கிற இடத்தில் ஒரு சத்தம். சட்டம் வந்த இடத்தில் பென்சிலை வைத்தான்.

"எங்கடா வைக்கிறே? ஜன்னலுக்கு நேரா வை. போன தடவை வெச்ச மாதிரியே வை" என்றாள் மாமியார்.

பென்சில் நின்றது. கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். மறுத்தால் அம்மா ஏன் என்று கேட்பாள், பழசெல்லாம் வெளியே வரும். பார்த்துவிட்டு, பென்சிலை ஒரு சாண் நகர்த்தினான்.

பெரியவள் கீழே பார்த்தாள். நேர் கீழே, தரையில், அவன் பெண் குழந்தை கரண்டிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு தனக்குத்தானே பேசி விளையாடிக்கொண்டிருந்தது.

"தம்பி... சட்டம் பார்த்தியா?"

"உன்னை யாராவது கேட்டாங்களா?" என்று சீறினாள் மாமியார். "பாத்திரத்தை ஏத்தத் தெரிஞ்சவளுக்குச் சுவரைப் பத்தி என்ன பேச்சு? இந்தத் தடவை இதுல ஒரு டம்ளர் நீ வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

டிரில் ஓடியது. மரத்தில் இறங்கினால் முனகிக்கொண்டு இறங்கும். மரத்தூள் சுருள் சுருளாக வரும். இது பொசுக்கென்று உள்ளே போனது. வெள்ளைப் பொடிதான் கொட்டியது. குழந்தையின் தலையெல்லாம் வெள்ளை. அடுத்த ஓட்டை... அதிலும் வெள்ளை. கொழுந்தன் குனிந்த தலை நிமிராமல் பிளாஸ்டிக் பிளக்கைச் செருகி, கட்டையை வைத்து முடுக்கினான்.

"ஆச்சும்மா" என்றான்.

அதே வார்த்தை!   பெரியவள் சட்டென்று குழந்தையைத் தூக்கி, வாசலில் வந்து நின்ற சின்னவளிடம் கொடுத்தாள். திரும்பி வந்து, அந்தக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, காலை மடக்கித் தொங்கினாள்.

"அண்ணி! வேண்டாம் அண்ணி!"

கட்டை ஒரு கணம் நின்றது. பிறகு பலகை பிளந்து, பிளக்கும் ஸ்க்ரூவும் வெள்ளைப் பொடியுமாக அவளோடு சேர்ந்து தரையில் விழுந்தது. முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. சின்னவள் வீறிட்டாள்.

"பாவி! அதையும் பிடுங்கிட்டியா? உனக்கு இந்த வீட்டுல என்னதான் வேணும்?" மாமியார் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

பெரியவள் தரையிலிருந்து எழவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அழுகைகூட வரவில்லை.

"இன்னைக்கு இதுல நான் ஒரு கரண்டிகூட வைக்கலியே அத்தை..."

  மாமியார் சுவரில் இருந்த ஓட்டைகளையே பார்த்தாள். கிழிந்த பலகைக்குப் பின்னால் இருட்டுதான் தெரிந்தது. மரம் இல்லை.

கொழுந்தன் டிரில்லைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் சரிந்தான். "நான்தாம்மா... அன்னைக்கும் நான்தான்! சட்டத்துல அடிக்கலை... தெரிஞ்சேதான்! அண்ணி ஒண்ணும் பண்ணலம்மா. நான் காலைப் பிடிச்சுக் கேட்டேன்னு அவங்க ஏத்துக்கிட்டாங்க..."

"தெரிஞ்சேவா?" என்றாள் மாமியார். "வேலை தெரிஞ்சவன்தானேடா நீ? சட்டத்தை விட்டுட்டு ஏன்டா நகர்த்தி அடிச்சே?"

 பெரியவள் அவசரமாக எழுந்தாள். "விடுங்க அத்தை. போனது போகட்டும். எதுக்கு இப்போ..."

ஆனால் மாமியார் ஜன்னலைப் பார்த்துவிட்டாள். ஜன்னலைப் பார்த்தாள், ஓட்டையைப் பார்த்தாள், முதலில் பென்சில் நின்ற இடத்தைப் பார்த்தாள். தையல்காரிக்கு அளவு சொல்லித் தர வேண்டுமா என்ன?

"நான் சொன்னேன்..." என்றாள் மெதுவாக. "ஒரு சாண் தள்ளச் சொன்னது நான். இப்பவும் நான்தான் சொன்னேன். ஐயோ... இந்தப் பிள்ளை தலையிலயும் நானே போட இருந்தேனே!"

நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். வலது கையை இடது கையால் எடுத்து, அது யாருடையதோ போலப் பார்த்தாள்.

"இதுக்காகவா வாயை மூடிக்கிட்டு இருந்தே? எனக்குத் தெரியக் கூடாதுன்னா?"

பெரியவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"நான் உன்னை என்னென்ன பேசினேன்! வாய் கூசாம பேசினேனே... ஒரு நாளாவது திருப்பிச் சொல்லியிருக்கலாமேடி!"

"சொன்னா உங்க கை திரும்பி வந்துடுமா அத்தை?" என்றாள் பெரியவள். இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, வந்தது நிற்கவில்லை.

அன்று பகலில் கொழுந்தன் கட்டையை மறுபடி அடித்தான். இந்தத் தடவை டிரில் முனகிக்கொண்டு இறங்கியது. மரத்தூள் சுருளாகக் கொட்டியது. ஸ்க்ரூ கடைசிச் சுற்றுக்குத் திணறியது. அடித்து முடித்ததும் அவனே அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. அலமாரி ஏறி உட்கார்ந்தது, ஜன்னலுக்கு ஒரு சாண் தள்ளி, பார்க்கிறவர் கண்ணை உறுத்துகிற மாதிரி கோணலாக. மாமியார் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி உயிர் உள்ளவரைக்கும் அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். நேராக்கச் சொல்லவில்லை.

தலை எப்போதோ காய்ந்து சிக்குப் பிடித்திருந்தது. சின்னவள் சீப்போடு வந்தாள்.

"அதை இங்க குடு. நீ போய்ப் பிள்ளையைப் பாரு" என்றாள் மாமியார். இடது கையால் சீப்பை வாங்கி, பெரியவள் பக்கம் நீட்டினாள். முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே நீட்டினாள்.

பெரியவள் சிராய்த்த முழங்கையோடு அவளுக்குப் பின்னால் போய் நின்றாள். முடி நிறையக் கொட்டிப்போயிருந்தது. நுனியிலிருந்து மெல்லச் சிக்கெடுத்தாள்.

"வலிக்குதா அத்தை?"

"வலிக்கட்டும்" என்றாள் மாமியார். "நீ வாரு."