ஆய்வு நாளில் மாட்டும் கூண்டு

முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால் ஆணி மட்டும் இருந்தது. கூண்டைக் காணவில்லை.

சேந்தமங்கலத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லிமலைக்கு வந்து, இந்த மரவள்ளி மில் ஆபீசில் நான்கு வருடமாக டைப் அடிக்கும் நஸ்லினுக்கு அந்தக் கூண்டை நன்றாகத் தெரியும். கிழங்கு அரைக்கும் மெஷினின் பெல்ட்டை மூடுவதற்காக வாங்கிய இரும்பு வலைக் கூண்டு. மாட்டினால் வேலை மந்தமாகிறது என்று, இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் மாட்டுவார்கள். அவருடைய ஜீப் மலை இறங்கியதும் கழற்றித் துடைத்து ஆணியில் ஏற்றிவிடுவார்கள். வருடா வருடம் மஞ்சள் பெயின்ட் வேறு. அந்த மில்லில் நோகாமல் இருந்தது அது ஒன்றுதான். அதற்கு அடுத்தபடியாக முதலாளி மாணிக்கம்.

பதினோரு நாளைக்கு முன்பு கண்ணாயியின் முந்தானை அந்தப் பெல்ட்டில் சிக்கியது. மலையிலேயே குண்டனி நாடு என்ற ஊர்ப்பக்கத்திலிருந்து கிழங்குத் தோல் சீவ வந்தவள். மெஷின் நின்றபோது அவள் உயிரோடு இல்லை. இன்ஸ்பெக்டரின் ஆட்கள் ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் மூன்று மணிக்கே மேகம் இறங்கி ஜன்னலை அடைத்திருந்தது. தொட்டியில் விட்டுப்போன மாவு புளித்து, அந்த வாடை ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டியது. மாணிக்கம் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். 1999 ஜனவரி முதல் தேதியிலிருந்து நஸ்லின்தான் மில்லின் 'பாதுகாப்பு அதிகாரி' என்று பழைய தேதி போட்டுச் சொன்னது தாள். மை இன்னும் காயவில்லை.

"நாளைக்குக் கேஸ் எழுத வர்றாங்க. கையெழுத்தப் போட்டுரு கண்ணு. அதிகாரின்னா சும்மாவா? உங்க ஊட்ல யாராச்சும் அதிகாரியா இருந்திருக்காங்களா?"

"ஜெயிலுக்குப் போன ஆளும் எங்க ஊட்ல இல்லீங்க."

போட்டால் கண்ணாயியின் சாவு அவள் தலையில். போடாவிட்டால் வேலை இல்லை. வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

தட்.

பெல்ட்டில் ஒட்டுப் போட்ட இடம் சக்கரத்தைக் கடக்கும் சத்தம். நான்கு வருடமாகக் கேட்ட சத்தம்.

"மெஷின் ஓடுதுங்க."

"கரன்டே இல்ல, எப்படி ஓடும்? பேச்ச மாத்தாத."

தட்.

மில் வாசலிலிருந்து ஆபீசுக்குள் ஈரமான வெள்ளைக் கால்தடங்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றாக. மாவுத் தடங்கள். அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றன. அங்கே யாருமில்லை. பிடரியில் மட்டும் குளிர்ந்த மூச்சு. கிழங்குத் தோல் வாடை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மாவுத் தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தது.

நஸ்லின் பேனாவை மூடினாள்.

"லைசென்சுல பொறுப்பாளர்னு உங்க பேருதான் இருக்குங்க. 'நிர்வாக இயக்குநர்'னு கொட்டை எழுத்துல வரணும்னு மூணு தடவ திருப்பி அடிக்க வச்சீங்க. பெருமைக்கு நீங்க, கேசுக்கு நானா? போடமாட்டேன்."

"நாளையிலிருந்து வேலைக்கு வராத!"

"வரலீங்க."

தட். தட். இப்போது அவருக்கும் கேட்டது.

"எவன்டா அங்க?" நிர்வாக இயக்குநருக்குரிய குரலோடு எழுந்து மில்லுக்குள் போனார்.

நாற்காலிப் பக்கத்துத் தடங்கள் திரும்பின. அவர் பின்னாலேயே போயின.

சத்தம் நின்றது.

பிறகு போல்ட் முடுக்கும் ஓசை. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஓடிவிடலாம். கால்கள் உள்ளேதான் போயின.

மெஷினில் கூண்டு மாட்டியிருந்தது. ஆய்வு நாளில்கூட அவ்வளவு கச்சிதமாக மாட்டியதில்லை. மஞ்சள் வலையைப் பிடித்தபடி உள்ளிருந்து இரண்டு கைகள். தங்க மோதிரங்கள். அந்த விரல்களின் மேல், அதுவும் உள்ளிருந்தே, மூன்றாவது கை. மாவு படிந்தது. உடைந்த கண்ணாடி வளையலோடு.

"ஸ்பேனர்... ஸ்பேனர எடு கண்ணு!"

ஸ்பேனர் எங்கே இருக்கும்?

பாதுகாப்பு அதிகாரிக்குத்தான் தெரியும். அந்த மில்லில் அப்படி ஒருவர் இருந்ததே இல்லை.

மூன்றாவது கை மெதுவாக மூடியது.

தட்.