மெஷின் சொன்ன ‘ஹா’

சத்தார் ‘ஹோ’ என்றதும் தோல் அழுத்தும் புது மெஷின் ‘ஹா’ என்று பதில் சொன்னது. முதல் நாள் அது வெறும் ஆவிச் சீறல்தான். மூன்றாம் வாரத்தில், ஆம்பூர் டேனரியின் அடுத்த கொட்டகையில் தோல் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த லோகநாதனுக்கு, அந்தச் சீறலின் நுனியில் ஒரு தொண்டை கேட்டது.

எட்டு வருஷமாக அந்தப் பதில் அவனுடையது. பழைய கை மெஷினில் சத்தார் தோலை விரித்து, நீவிவிட்டு ‘ஹோ’ என்பான். லோகநாதன் அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டே ‘ஹா’ என்பான். அதைக் கேட்டுத்தான் சத்தார் கையை எடுப்பான். கை விலகியதும் லோகநாதன் சக்கரத்தைச் சுற்றுவான். இரும்புத் தட்டு இறங்கி அழுத்தும். சத்தார் ஒருநாளும் தட்டை நிமிர்ந்து பார்த்ததில்லை. காதை நம்பினான். இந்தப் புது மெஷினிலோ தட்டு தானாகவே இறங்கும். இறங்குமுன் பித்தளைக் குழல் ‘ஹா’ என்று ஆவி ஊதும். லோகநாதன் தேவைப்படவில்லை.

“இன்னா லோகு, மூஞ்சி வாடிப்போச்சு? என் புது தோஸ்த் உன்னைவிட நல்லவன்டா. பீடி கேக்கறதில்ல,” என்றான் சத்தார்.

லோகநாதனும் சிரித்துவைத்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் சத்தார் ஜும்மா தொழுகைக்குப் போனான். மெஷின் நின்றிருந்தது. எண்ணெயும் சாயமும் ஈரத் தோலும் சேர்ந்து நாறும் அந்தக் கொட்டகையில், கூரை ஓட்டைகள் வழியே விழுந்த வெயில் வட்டங்களை ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டு, தன் மூச்சே தனக்குப் பெரிதாகக் கேட்க, லோகநாதன் அதன் அருகே போனான். ஒருநாள் இது ஊமையாகட்டும். சத்தார் என்னைக் கூப்பிடட்டும். அவ்வளவுதான் நினைத்தான். ஈரத் தோல் துண்டு ஒன்றைச் சுருட்டிக் குழலுக்குள் திணித்தான்.

குழல் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே ஏதோ விழுங்கியது.

சத்தார் திரும்பி வந்தான். விசையை இழுத்தான். தோலை விரித்தான்.

“ஹோ.”

பதில் இல்லை. விரல்கள் நீவிக்கொண்டே காத்திருந்தன. தட்டு அசைந்தது.

அப்போதுதான், அடுத்த கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த லோகநாதனுக்கு உறைத்தது. கத்த வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. தொண்டைக்குள் ஈரமாக, சுருண்டு, தோல். நாக்கெல்லாம் சாய ருசி. கால் நகர்வதற்குள் தட்டு இறங்கிவிட்டது.

சத்தார் அலறவில்லை.

“ஹா,” என்றது மெஷின். லோகநாதனின் குரலில்.

சத்தாரின் முகம் மலர்ந்தது. “லோகு! வந்துட்டியா? எங்கடா போயிருந்த?” என்று அந்த இரும்பிடம் கேட்டபடி, மிச்சமிருந்த கையால் அடுத்த தோலை விரித்தான். நீவினான்.

“ஹோ.”